நம் கோமாளிகளை நாமே எழுதுவோம்

அடுத்த இதழைச் சிரிப்பு இதழாகக் கொண்டுவர ஆசிரியர் குழு முடிவெடுத்திருக்கிறது. ஏகமனதான முடிவு என்று சொல்வதற்கில்லை. "நம்ம சனம் இருக்கிற நெலமையில சிரிப்பு ஒரு கேடா?" என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். வாசகர்களும் அதையே கேட்கக்கூடும் என்பதால் எமது தரப்பை இங்கே சொல்லிவிடுகிறோம்.

எமக்கு வந்து சேரும் கதைகளில் பெரும்பாலானவற்றில் மழை பெய்கிறது. லயத்துக் கூரை ஒழுகுகிறது. தகப்பன் குடிக்கிறான். மூத்த மகள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். கடைசிப் பந்தியில் யாராவது ஒருவர் செத்துப்போகிறார். இதில் எதுவும் பொய்யில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதைப் பார்த்த மாகாணம் இது. அழுவதற்கு நாம் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் இதே ஊவாத் தோட்டங்களில் சாவு வீட்டுக்குப் போய் இரா முழுக்க விழித்திருந்தவர்களுக்குத் தெரியும், தேத்தண்ணி இரண்டாம் சுற்று வருவதற்குள் செத்தவரின் சேட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். ஒப்பாரிக்கு நடுவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் மதினிமாரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எழுத உட்காரும்போது மட்டும் அந்தச் சிரிப்பு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

நமக்கு வெகு தொலைவில், பனி மூடிய பின்லாந்தில், அந்தச் சிரிப்பை ஒளிக்காத ஒரு பழைய படம் இருக்கிறது. பெயர் 'நும்மிசூத்தாரித்'. பொட்டல்வெளிச் செருப்புத் தைப்போர் என்று சொல்லலாம். எர்க்கி காரு இயக்கி 1923இல் வந்த பேசாப்படம். 1864இல் அலெக்சிஸ் கிவி எழுதிய நகைச்சுவை நாடகம்தான் அதற்கு மூலம். எஸ்கோ என்று ஒரு மடப்பயல். செருப்புத் தைக்கும் குடும்பம். அவனும் அந்த வீட்டு வளர்ப்பு மகள் யானாவும் இருக்கிறார்கள். யார் முதலில் கலியாணம் முடிக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு சொத்துப் பணம் வரும். தாய்க்காரி பேராசையில் மகனை அவசரம் அவசரமாகப் பெண் வீட்டுக்கு அனுப்புகிறாள். பேச்சுக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி மாப்பிள்ளை நடை போட்டுப் போகிறான் எஸ்கோ. அங்கே கலியாணம் நடந்துகொண்டிருக்கிறது. மணப்பெண் அவன் கட்டிக்கொள்ளப் போன அதே பெண்தான். மாப்பிள்ளை வேறு ஒருவன். தான்தான் மாப்பிள்ளை என்று எஸ்கோ அடம்பிடிக்க, கலியாண வீடு கலவர வீடாகிறது. இன்னொரு பக்கம், கலியாணச் சாமான் வாங்கப் பட்டணம் போன தம்பி அந்தக் காசைக் குடித்தே தீர்த்துவிடுகிறான். கதை முடியும்போது யானாவுக்குக் கலியாணம் கூடிவிடுகிறது. எஸ்கோ வெறுங்கையோடு நிற்கிறான்.

பதுளைப் பக்கத்தில் இந்த எஸ்கோ இல்லாத தோட்டம் ஏது? பெண் பார்க்கப் போன இடத்தில் வேறு வீட்டுக்குள் நுழைந்து வடை தின்றுவிட்டு வந்த மாமா இல்லாத குடும்பம் ஏது?

பின்லாந்து 1917இல்தான் சுதந்திரம் பெற்றது. ஆறே வருடத்தில், தன் புதிய சினிமாவின் பெரிய முயற்சிகளில் ஒன்றுக்கு அந்த நாடு தேர்ந்தெடுத்தது ஒரு வீரனின் கதையை இல்லை, கலியாணம் முடிக்கத் தெரியாத ஒரு பட்டிக்காட்டானின் கதையை. எழுதிய கிவியும் பட்டணத்துப் பெரிய மனிதர் அல்லர். கிராமத்துத் தையல்காரரின் மகன். படித்தவர்கள் சுவீடிஷ் மொழியில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் பின்னிஷ் மொழியில் எழுதியவர். 1870இல் அவருடைய 'ஏழு சகோதரர்கள்' நாவல் வந்தபோது, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் பின்னிஷ் மொழிப் பேராசிரியர் ஆகஸ்ட் ஆல்க்விஸ்ட் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். எழுத்தறிவுக்குப் பயந்து காட்டுக்குள் ஓடும் ஏழு முரடர்களைக் காட்டிப் பின்லாந்துக் குடியானவர்களைக் கேவலப்படுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு. கிவி மனம் உடைந்து, 1872இல், 38 வயதில் இறந்துபோனார். இன்று அவர் பிறந்த நாளில் அந்த நாடு கொடியேற்றுகிறது. ஆல்க்விஸ்டை அவருடைய அந்த விமர்சனத்துக்காகத்தான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

முட்டாள் ஊர்க் கதைகள் பின்லாந்துக்கு மட்டும் சொந்தமில்லை. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐந்து சீடர்களும் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகம். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்த்தவர்கள். அடுத்த சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மகாதென முத்தா இருக்கிறார். பானைக்குள் தலை மாட்டிக்கொண்ட ஆட்டைக் காப்பாற்ற அதன் தலையை வெட்டச் சொல்லிவிட்டு, பிறகு தலையை எடுக்கப் பானையையும் உடைக்கச் சொன்ன பெரியவர். ஹென்றி பார்க்கர் 1910இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைக் கிராமக் கதைத் தொகுப்பில் கடம்பாவை ஆட்கள் வருகிறார்கள். வேலிக் கம்பு வெட்டப் போன பன்னிரண்டு பேர். திரும்புமுன் ஆளை எண்ணுகிறார்கள். பதினொன்றுதான் வருகிறது. எண்ணுகிறவன் தன்னைச் சேர்க்கவில்லை. பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்து எண்ணியதும் இப்படித்தான். பின்லாந்தின் கட்டுக்கதை ஊரான ஹோல்மோலாக்காரர்கள் ஜன்னல் வைக்காமல் வீடு கட்டிவிட்டு, வெளியே நின்று சாக்கில் வெளிச்சத்தைப் பிடித்துக் கட்டி உள்ளே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்.

ஆளை எண்ணிய கதையையும் ஜன்னல் இல்லாத வீட்டுக் கதையையும் தோட்டத்தில் பிறந்த ஒருவர் கேட்டால் அவர் சிரிப்பு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

ஜன்னல் இல்லாத வீடு நமக்குக் கதையில்லை. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், வாசல் ஒன்று மட்டும் வைத்துத்தான் கட்டினார்கள். கட்டியவர்கள் ஹோல்மோலாக்காரர்கள் அல்லர். பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த பங்களாக்களை அதே மலையின் உச்சியில் கட்டத் தெரிந்தவர்கள். அந்தக் காம்பராவுக்குள் ஐந்து தலைமுறையாக நாம் வெளிச்சத்தைச் சாக்கில்தான் சுமந்தோம்.

ஆளை எண்ணும் கதை இதைவிடப் பெரியது. 1947 பொதுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாட்டு மக்களை எண்ணியவர்கள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை எண்ணாமல் விட்டார்கள். 1952 தேர்தலில் நம்மில் ஒருவரும் இல்லை. பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. கூட்டிப் பார்த்தால் 1,50,000 பேர் மிச்சம். அவர்களைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்வோம் என்று இரண்டு பிரதமர்களும் எழுந்து போய்விட்டார்கள். 'கரகாட்டக்காரன்' படத்தில் செந்தில் வாங்கி வந்த இரண்டாவது வாழைப்பழத்துக்காவது அன்றே ஒரு விளக்கம் கிடைத்தது. இந்த ஒன்றரை இலட்சத்துக்குப் பத்து வருடம் பொறுக்க வேண்டியிருந்தது. 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிளந்து முடித்தார்கள். அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். பரமார்த்த குரு இருந்திருந்தால் தன் சீடர்களை அந்த மேசைக்கு அனுப்பிப் படிக்க வைத்திருப்பார்.

இந்த நாட்டின் மிகப் பெரிய முட்டாள்தனங்கள் நம் தலைமேல்தான் நடந்தன. ஆனால் முட்டாள் பட்டம் நமக்கு வந்து சேர்ந்தது.

இந்தப் பட்டம் நம் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்னானாம், நம் முப்பாட்டன்மார் நம்பிக் கப்பலேறினார்களாம். எல்லோரும் சொல்லும் கதை, நாமும் சொல்லிச் சிரிக்கும் கதை. ஆனால் வறட்சியும் சாதிக் கொடுமையும் 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சமும் துரத்திய ஒருவருக்கு, தூரின் அடியில் என்ன இருக்கிறது என்பதா பெரிய விடயம்? ஊரில் சோறு இல்லை என்பதை அவர் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார். பாலாவின் 'பரதேசி' இதைக் கொஞ்சம் தொட்டது. பி.எச். டேனியலின் நாவலைத் தழுவிய அந்தப் படத்தில் முதல் பாதி முழுக்க ஒரு வெகுளி ஊரைச் சுற்றித் திரிந்து நம்மைச் சிரிக்க வைக்கிறான். கங்காணி ஊருக்குள் வந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. தேயிலை மலை ஏறிய பிறகு அவனுக்கு ஒரு பகிடியைக்கூடப் படம் மிச்சம் வைக்கவில்லை. மலை ஏறிய தமிழனுக்கு அழுகை மட்டும்தான் என்று தமிழ் சினிமாவும் முடிவு செய்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

நம் நாட்டுத் தமிழ்ப் படங்களில் 1963இல் 'தோட்டக்காரி' வந்தது. 1975இல் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் 'புதிய காற்று' எடுத்தார். அதில் நம் பதுளை மண்ணின் தெளிவத்தை ஜோசப்பின் எழுத்து இருந்தது. அடுத்த வருடம் வந்த 'கோமாளிகள்', இலங்கை வானொலியில் ஊரையே சிரிக்க வைத்த 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்திலிருந்து பிறந்த படம். எஸ். ராமதாஸின் மரைக்கார் முஸ்லிம் தமிழ் பேசினார். ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். செல்வசேகரனின் உபாலி சிங்களவர் பேசும் தமிழ் பேசினார். அப்துல் ஹமீதின் ஐயர் ஐயர் தமிழ் பேசினார். லயத்தில் ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து நால்வருக்கும் கைதட்டினோம். அந்த நால்வரோடு ஐந்தாவதாகத் தோட்டத்துத் தமிழ் பேசும் ஒரு கோமாளி உட்காரவில்லை. கடம்பாவைக் கணக்குப் போலவே கடைசி ஆளைச் சேர்க்காமல் எண்ணிவிட்டார்கள். இதில் ராமதாஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதிக் கொடுக்க நாம் போகவில்லை.

நம்மிடம் சரக்கு இல்லாமலா? சி.வி. தொகுத்த மலைநாட்டுப் பாடல்களைப் புரட்டினால் கங்காணியின் தலைப்பாகையிலிருந்து கணக்கப்பிள்ளையின் நடை வரைக்கும் கிண்டல் குவிந்து கிடக்கிறது. துரைமாருக்கு நம் பேச்சைக் கற்றுக்கொடுக்கக் 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே கைநூல்கள் அச்சடித்தார்கள். ஏவல் வினையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்த துரை, கோயில் திருவிழாவில் பூசாரியையும் சாமியையும் ஒரே மாதிரி 'வா, போ' என்று கூப்பிட்ட கதைகளைச் சொல்லச் சொல்லித் தாத்தாமாரைக் கேட்டுப் பாருங்கள். தெமோதரை ரயில் வளையத்துக்கும் ஒரு கதை உண்டு. மலை உயரத்தைச் சமாளிக்க வழி தெரியாமல் பொறியியலாளர் தவித்தபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் ரயிலைச் சுற்றிவிடும் யோசனை வந்ததாம். வளையத்தில் படம் பிடிக்க வரும் உல்லாசப் பிரயாணிகளுக்கு இன்றும் இதைச் சொல்கிறார்கள். உண்மையோ பொய்யோ, அந்தக் கதையில் கங்காணிக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு பெரிய மனிதர் உற்றுப் பார்க்கிறார் என்றதும் நம் கங்காணி சும்மாவா இருந்திருப்பார்? குறைந்தது, "என்னாங்கய்யா, தலையில பேனா தெரியுது?" என்றாவது கேட்டிருப்பார். அந்த ஒரு வரியை எழுதத்தான் ஆள் வேண்டும்.

அப்படிப்பட்ட வரி பிறக்கும் இடம் ஒன்று, பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றின் கொழுந்து மடுவம். அந்திக் கொழுந்து நிறுக்கிற நேரம். வரிசையில் நடுத்தர வயது அக்கா ஒருவர். தராசில் பதினெட்டுக் கிலோ காட்டுகிறது. கணக்கப்பிள்ளை பதினாறு என்று எழுதுகிறார்.

"ஏங்கய்யா ரெண்டு கொறஞ்சிச்சு?"

"ஈரம்."

"அப்ப போன மாசம் வெயில்ல கொழுந்து வாடிப்போச்சே, அதுக்கு எத்தன கிலோ கூட்டிப் போட்டீங்க?"

கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறார். புத்தகத்தில் அப்படி ஒரு நிரல் இல்லை என்கிறார்.

"இல்லாட்டி என்னாங்கய்யா, பேனா கையிலதான இருக்கு, ஒரு கோடு போட்டுக்கங்க."

வரிசை சிரிக்கிறது. அக்கா முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நிற்கிறார். சாக்குக்கும் ஒரு கிலோ கழியும் என்று பதில் வருகிறது. அக்கா விடவில்லை.

"அப்ப என்னையும் சேர்த்து நிறுத்துட்டு, பொறகு என்னையக் கழிச்சிடுங்களேன். அதான வழக்கம்."

இரண்டு கிலோ திரும்பி வரவில்லை. ஆனால் 1948இல் தொடங்கி மடுவத்துத் தராசு வரைக்கும் நடந்த கழித்தல் கணக்கு முழுவதையும் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். நம் கவிஞர்கள் இதே விடயத்தை நான்கு பக்கத்தில் எழுதி அனுப்புகிறார்கள். எஸ்கோவுக்கு இப்படிப் பேசத் தெரியாது. முட்டாள் வேஷம் கட்டி மூளைக்காரனை மடக்கும் வித்தை நம் பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2015இல் எழுந்து 2021 மார்ச்சில்தான் வர்த்தமானிக்கு வந்தது. அந்த ஆறு வருடத்தையும் பகிடி பேசாமல் எந்த மடுவமும் கடந்திருக்க முடியாது.

இனி, எதிர்ப்புகளுக்கு வருவோம். நம்மிடையேயும் ஆல்க்விஸ்டுகள் உண்டு. பல்கலைக்கழகம் போய், ஆசிரியராகி, உத்தியோகம் பார்த்து, பண்டாரவளையிலும் பதுளையிலும் வீடு கட்டியவர்களுக்கு லயத்துப் பேச்சு மேடையில் கேட்டாலே உடம்பு கூசுகிறது. 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சைப் பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் வாங்கி வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூச்சம் வருவதில் ஆச்சரியம் இல்லை. அவர்களைக் கேலி செய்ய எமக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். நாம் எழுதாவிட்டால் நம்மைப் பற்றிய பகிடி இல்லாமல் போய்விடுமா? கொழும்பில் ஒருவர், சென்னையில் ஒருவர், தெரியாத பேச்சு வழக்கில் நம்மை எழுதுவார். அதில் நமக்கு அடிவாங்கும் பாத்திரம்தான் மிஞ்சும். கிவி தன் ஊர்க்காரர்களைப் பார்த்துச் சிரித்தபோது அவரும் அந்தக் கூட்டத்துக்குள்தான் நின்றார். அதனால்தான் எஸ்கோவைப் பார்த்துச் சிரித்த பின்லாந்துக்காரர்கள் அவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே நின்று எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பவனைக் கோமாளியாக்கினால் அடி வாங்கியவள் கதையிலிருந்து காணாமல் போய்விடுவாள். கறுப்பையும் கூனையும் திக்குவாயையும் வைத்துச் சிரிப்பு மூட்டும் பழைய சினிமாப் பழக்கம் நம் கூத்து மேடைகளிலும் இருக்கிறது. சாதியைத் தொட்டுப் பேசும் பகிடிகளும் லயங்களுக்குள் உண்டு, அவற்றைக் கேட்டு எல்லோரும் சிரிப்பதில்லை. இவற்றுக்குச் சிரிப்பு இதழில் இடம் கிடையாது.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு எமது வேண்டுகோள் இது. உங்கள் தோட்டத்து எஸ்கோவைக் கொண்டு வாருங்கள். அவன் பேச்சை அவன் பேச்சாகவே எழுதுங்கள், பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றிக் கொல்லாதீர்கள். அவன் முட்டாளாகவே இருக்கட்டும், ஆனால் கதை முடிவதற்குள் ஒரு தடவையாவது அவன் கேட்கும் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாமல் போகட்டும். துரை, கண்டக்டர், தலைவர், அமைச்சர், கவுன்சில் மெம்பர், கோயில் கமிட்டி, ஆசிரியர் சங்கம் எல்லோரும் கதைக்குள் வரலாம். சிற்றிதழ் ஆசிரியர்களும் வரலாம், அதில் சலுகை எதுவும் கேட்க மாட்டோம். உயிரோடு இருக்கும் தனிமனிதர்களின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். இளைஞர்கள் கையில் இப்போது கமெரா உள்ள தொலைபேசி இருக்கிறது. மடுவத்திலும் இஸ்தோப்பிலும் எடுத்த பத்து நிமிடப் படம் இருந்தாலும் அனுப்புங்கள், வாசகர் வட்டத்தில் போட்டுக் காட்டுவோம். எழுத வராத பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம், சொன்னவர் பெயரும் எழுதியவர் பெயரும் சேர்ந்தே அச்சாகும்.

கடைசிப் பந்தியில் யாரும் சாகக்கூடாது என்பது மட்டும் இந்த இதழுக்கான கண்டிப்பான நிபந்தனை.